ஜெராக்ஸ் மெஷினுக்குள் தங்கிவிடும் தாள்கள்: வாசகர் கேள்வி-பதில்

பழைய கம்ப்யூட்டரைக் கைமாற்றும் முன் அதன் ஹார்ட் டிஸ்கை எப்படி அழிப்பது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர், “எங்கள் அலுவலக ஜெராக்ஸ் மெஷினுக்கும் இது பொருந்துமா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். 22 ஆண்டுகள் காப்பியர் சர்வீஸில் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வி இத்தனை தாமதமாக வருகிறதே என்ற கவலை எனக்கு உண்டு. ஆகவே இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக வாடகைக்கு வைத்திருந்த பெரிய ஜெராக்ஸ் மெஷினை அடுத்த மாதம் டீலரிடம் திருப்பிக் கொடுக்கிறோம். அதற்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, நாங்கள் எடுத்த பிரதிகள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும் என்று எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவர் ஒருவர் சொல்கிறார். டீலரிடமிருந்து வரும் பையனோ, அப்படி எதுவும் இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?
(ஆடிட்டர் அலுவலக மேலாளர், கோயம்புத்தூர்)

பதில்: மாணவர் சொல்வதுதான் பெரும்பாலும் சரி. “எல்லாம்” என்ற ஒரு சொல்லை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்.

பழைய அனலாக் மெஷினில், தாளின் மேல் பட்ட வெளிச்சம் கண்ணாடிகளில் பிரதிபலித்து நேராக டிரம் என்ற உருளையின் மேல் விழும், டோனர் என்ற மைத்தூள் ஒட்டும், பிரதி வெளியே வரும். நடுவில் எங்கும் எதுவும் சேமிக்கப்படவில்லை. இன்றைய டிஜிட்டல் மெஷின் அப்படி இயங்குவதில்லை என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முப்பது பக்கக் கணக்கு அறிக்கை ஒன்றை மேலே உள்ள ஃபீடரில் வைத்து, ஐந்து செட் வேண்டுமென்று கொடுங்கள். ஒவ்வொரு தாளும் ஒரே ஒரு முறைதான் உள்ளே போய் வரும். ஆனால் ஐந்து செட்டுகளும் பக்க வரிசை மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். முதல் செட் விழுந்துகொண்டிருக்கும்போது ஐந்தாம் செட்டுக்கான பக்கங்கள் எங்கே இருந்தன என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு அதுவே விடை. நடுத்தர, பெரிய அலுவலக மெஷின்களில் அவை பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கிலோ, சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்புச் சாதனத்திலோ இருக்கும்.

வேலை முடிந்ததும் மெஷின் அந்தப் பக்கங்களை அழித்துவிடுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். பாதுகாப்பு வசதி இயக்கப்படாத மெஷினில், அந்த இடம் காலியானது என்று குறித்துக்கொள்வதோடு சரி. பதிவேட்டில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்து எறிந்துவிட்டு உள்ளே உள்ள தாள்களை அப்படியே விட்டுவைப்பது போன்றது இது. புதிய வேலை வந்து அந்த இடத்தின் மேல் எழுதும்வரை பழைய பக்கம் அங்கேயே கிடக்கும். ஆகவே ஐந்து ஆண்டுப் பிரதிகளும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மெஷின் உங்கள் வாசலைத் தாண்டும் நாளில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் மீட்கத்தக்க நிலையில் இருக்கக்கூடும். உங்கள் அலுவலகத்தில் அவை பான் அட்டை, வங்கி அறிக்கை, வருமான வரிப் படிவம், கூட்டாண்மை ஒப்பந்தம் என்றுதான் இருக்கும்.

2010 ஏப்ரலில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி இதை ஊரறியச் செய்தது. அதன் செய்தியாளர்கள் நியூ ஜெர்சியில் உள்ள ஒரு கிடங்குக்குப் போய், பழைய காப்பியர்கள் நான்கை ஒவ்வொன்றும் சுமார் 300 டாலருக்கு வாங்கினார்கள். ஒரு மெஷினின் மூடியைத் திறந்தபோதே, பஃபலோ நகரக் காவல்துறையின் பாலியல் குற்றப் பிரிவைச் சேர்ந்த தாள் கண்ணாடியின் மேல் அப்படியே கிடந்தது. பிறகு டிஸ்குகளைக் கழற்றி, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை ஓட்டினார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பல்லாயிரக்கணக்கான ஆவணங்கள் கிடைத்தன. குடும்ப வன்முறைப் புகார்கள், போதைப்பொருள் சோதனையில் பிடிக்கப்பட வேண்டியவர்களின் பட்டியல், ஒரு கட்டுமான நிறுவனத்தின் 95 பக்கச் சம்பளச் சீட்டுகள், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து 300 பக்க நோயாளிக் குறிப்புகள் ஆகியவை அவற்றில் இருந்தன.

நான் நேரில் கண்டதையும் சொல்கிறேன். திரும்பி வந்த ஒரு வாடகை மெஷினைச் சுத்தம் செய்ய என்னிடம் விட்டிருந்தார்கள். பின்பக்கத் தகட்டில் நான்கு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் ஒரு சிறு இரும்புச் சட்டத்துக்குள் உள்ளங்கை அகலமே உள்ள இரண்டரை அங்குல டிஸ்க். அதைத் தொடும் முன், வழக்கம்போல் திரையில், மெஷினிலேயே கோப்புகளைச் சேமித்து வைக்கும் டாக்குமென்ட் பாக்ஸைத் திறந்தேன். “பாட்டி உயில் ஃபைனல்” என்று ஒரு கோப்பு. அதன் கீழே ஒரு பெண்ணின் பெயரும் “ஸ்கேன் ரிப்போர்ட்” என்ற சொல்லும். யாரோ அலுவலக மெஷினில் அவசரத்துக்குத் தம் வீட்டுக் காகிதங்களைச் சேமித்திருக்கிறார்கள். நான் கோப்புகளைத் திறக்கவில்லை; ஆனால் திறப்பதற்கு எந்தப் பாஸ்வேர்டும் தேவைப்பட்டிருக்காது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

எனவே மெஷினை ஏற்றி அனுப்புவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். அட்மின் மெனுவில் எல்லாத் தரவையும் அழிக்கும் வசதி பெரும்பாலான கம்பெனி மெஷின்களில் இருக்கிறது. பெயர் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அது பக்கப் படிமங்களை மட்டும் அழிக்கிறதா, டாக்குமென்ட் பாக்ஸ், அட்ரஸ் புக், வந்த ஃபேக்ஸ்கள், வேலைப் பதிவேடு ஆகியவற்றையும் சேர்த்து அழிக்கிறதா என்பதைக் கையேட்டில் பாருங்கள். வேலைப் பதிவேட்டை யாரும் நினைப்பதில்லை. யார் எந்த நேரத்தில் என்ன பெயருள்ள கோப்பை அச்சிட்டார்கள் என்பது அதில் இருக்கும். அழிப்பு முடியச் சில மணி நேரம் ஆகலாம். நடுவில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். முடிந்ததும் மெஷின் ஓர் அறிக்கை அச்சிட்டுத் தருமானால், அதில் சீரியல் எண் இருக்கிறதா என்று பார்த்து ஃபைலில் வையுங்கள். இவ்வளவுக்கும் பிறகு, மூடியைத் தூக்கிக் கண்ணாடியின் மேல் தாள் எதுவும் இல்லையே என்றும் பாருங்கள்.

டிஸ்கை நீங்களே கழற்றி வைத்துக்கொள்ள நினைத்தால் முதலில் டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். மெஷின் அவர்களுடையது என்பது ஒரு காரணம். பல மாடல்களில் மெஷினின் இயக்க மென்பொருளின் ஒரு பகுதியும் அதே டிஸ்கில் இருப்பதால், அதைக் கழற்றினால் மெஷின் எழும்பாமல் திரையில் பிழைக் குறியீடு மட்டும் காட்டும் என்பது மற்றொரு காரணம்.

கேள்வி: வீட்டில் சிறிய பிரிண்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். அதற்கும் பயப்பட வேண்டுமா?
(இல்லத்தரசி, தஞ்சாவூர்)

பதில்: மேசை மேல் வைக்கும் சிறிய பிரிண்டர்களில் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. அச்சிடும் பக்கம் தற்காலிக நினைவகத்தில் நின்று, மின்சாரம் நின்றதும் போய்விடும். ஆனால் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டும், ஸ்கேன் செய்து அனுப்பும் மின்னஞ்சல் விவரமும் அதற்குள் நிலையாக இருக்கும். விற்கும் முன் தொழிற்சாலை நிலைக்கு (ஃபேக்டரி ரீசெட்) மாற்றிவிட்டால் போதும். மெமரி கார்டு சொருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். பரணில் ரிப்பன் சுருள் போட்ட பழைய ஃபேக்ஸ் மெஷின் இருந்தால் அந்தச் சுருளைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுங்கள். வந்த ஒவ்வொரு பக்கமும் அதில் எழுத்து எழுத்தாகப் படிக்கும்படி நிற்கும்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் ஆறு மெஷின்கள் ஓடுகின்றன. மாற்றும்போதெல்லாம், தகவல்கள் அழிக்கப்பட்டன என்று டீலர் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்துவிடுகிறார். நாளைக்கு ஏதேனும் பிரச்சினை வந்தால் அந்தக் கடிதம் எங்களைக் காப்பாற்றுமா?
(நிர்வாக அலுவலர், திருச்சி)

பதில்: டீலரிடம் பணம் திரும்பக் கேட்க அது உதவலாம். நோயாளியிடம் நீங்கள் சொல்ல வேண்டிய பதிலுக்கு அது ஈடாகாது.

மேலே சொன்ன சி.பி.எஸ். விவகாரத்தில் சிக்கிய காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் அஃபினிட்டி ஹெல்த் பிளான். வாடகை மெஷின்களின் டிஸ்கை அழிக்காமலேயே லீஸ் நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்திருந்தது. அதிகபட்சமாக 3,44,579 பேரின் விவரங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அதுவே மதிப்பிட்டது. 2013 ஆகஸ்டில் அமெரிக்க சுகாதாரத் துறையுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 12,15,780 டாலர் கட்டியது. லீஸ் நிறுவனத்திடம் மிச்சமிருந்த தன் பழைய டிஸ்குகளைத் திரும்பப் பெற முழு முயற்சி எடுக்க வேண்டும் என்றும் அதற்கு நிபந்தனை விதிக்கப்பட்டது. கவனியுங்கள்: தண்டம் கட்டியது மெஷினைக் கொடுத்தவர், வாங்கியவர் அல்ல.

இதைவிட எனக்கு அதிகம் பயன்பட்ட பாடம் மார்கன் ஸ்டான்லி வங்கியுடையது. அது காப்பியர் அல்ல, சர்வர்களும் டிஸ்குகளும்தான். ஆனால் தவறு ஒரே இனம். கழித்துக்கட்டிய சாதனங்களை அப்புறப்படுத்தும் பொறுப்பை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, வீடு-அலுவலகச் சாமான்களை இடம் மாற்றித் தரும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்கள் இருந்தபடியே சில சாதனங்கள் இணைய ஏலத்தில் விற்கப்பட்டன. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையத்திடம் அந்த வங்கி 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தச் சாதனங்கள் சிலவற்றில், சாவி இல்லாதவர் தரவைப் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்க வசதி இருந்தும் பல ஆண்டுகள் அதை இயக்காமலேயே விட்டிருந்தார்கள் என்பதையும் ஆணையம் குறிப்பிட்டது. உங்கள் ஆறு மெஷின்களிலும் இதே நிலை இருக்கக்கூடும். இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தாளில் வாங்கிப் பிறகு டிஜிட்டலாக மாற்றப்பட்ட விவரத்துக்கும் பொருந்தும். நோயாளி கையால் நிரப்பிக் கொடுத்த படிவத்தை நீங்கள் ஸ்கேன் செய்தீர்களானால் அது இந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. உங்களுக்காக வேறொருவர் அந்தத் தரவைக் கையாண்டாலும், அவருடன் நீங்கள் எப்படி ஒப்பந்தம் போட்டிருந்தாலும், பொறுப்பு உங்களுடையதே என்கிறது சட்டம். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. ஐந்தாண்டு லீஸ் இன்று போட்டால், அது முடியும்போது இந்தச் சட்டம் முழு வீச்சில் இருக்கும்.

ஆகவே அடுத்த லீஸ் ஒப்பந்தத்தில் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: மெஷின் திரும்பும்போது டிஸ்க் உங்களிடமே தங்கும், அல்லது உங்கள் ஆள் முன்னிலையில் உங்கள் வளாகத்திலேயே அழிக்கப்படும், சர்வீஸுக்காக டிஸ்க் மாற்றினாலும் பழையது வெளியே போகாது. கடைசியாகச் சொன்னதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கெட்டுப்போன டிஸ்க் என்று இன்ஜினீயர் பையில் போட்டுக்கொண்டு போவதில், சில நேரம் மோட்டார் மட்டும்தான் கெட்டிருக்கும். பதிவுகள் நன்றாகவே இருக்கும். இத்தகைய நிபந்தனைகளுக்கு டீலர் கூடுதலாக ஒரு தொகை கேட்பார். கொடுத்துவிடுங்கள். ஆறு மெஷினுக்கும் சேர்த்து அது எவ்வளவு வந்தாலும், ஒரு நோயாளியின் பரிசோதனை முடிவு அவர் ஊருக்குள் பரவுவதற்கு ஈடாகாது.

அழிக்கும் முறையைப் பற்றி ஒரு குறிப்பு. சுழலும் ஹார்ட் டிஸ்கை ஏழு முறை, முப்பத்தைந்து முறை மேலெழுத வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, டிஸ்க் முழுவதையும் ஒரே முறை சரியாக மேலெழுதினாலே பொதுவாகப் போதுமானது. எஸ்.எஸ்.டி.யில் நிலைமை வேறு. தேய்மானத்தைச் சமப்படுத்த அது தரவை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலெழுதும்போது சில மூலைகள் தப்பிவிடும். அதற்கு முதல் நாளிலிருந்தே குறியாக்கத்தை இயக்கி வைத்து, கடைசி நாளில் அதன் சாவியை அழிப்பதே நல்ல வழி. காந்தத்தால் அழிக்கும் கருவி எஸ்.எஸ்.டி.யை ஒன்றும் செய்யாது. அப்படிச் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பதினைந்து வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். தினமும் நூறு பேர் ஆதார், பத்திரம், வாரிசுச் சான்று என்று கொடுக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். என் மேல் தவறு வராமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?
(கடை உரிமையாளர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: யாரும் குற்றம் சாட்டாதபோதே இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடைக்கு வருபவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

உங்கள் கடையில் மெஷினைவிட அதன் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் ஆபத்து. வாட்ஸ்அப் வெப் வழியாக வந்த ஒவ்வொரு கோப்பும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் இதே போன்ற ஒரு கடையில் என் கோப்பைத் தேடிக் கொடுப்பதற்காகக் கடைப் பையன் அந்த ஃபோல்டரைத் திறந்தான். திரை நிறைய முகங்கள். ஆதார் அட்டைகள், ஒரு குழந்தையின் பிறப்புச் சான்று, ஒரு திருமணப் புகைப்படம், யாருடையதோ வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். சுட்டியை உருட்ட உருட்ட, அது முடியவே இல்லை. வரிசையில் நின்ற ஐந்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. திரையை வாடிக்கையாளர் பக்கம் திரும்பாதபடி வையுங்கள். இரவு கடையைச் சாத்தும் முன் அன்றைய கோப்புகளை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அன்றைய உரையாடல்களையும் நீக்குங்கள். கூடுமானால் கடைக்கென்று தனி எண் வைத்து, செய்திகள் 24 மணி நேரத்தில் தாமே மறையும்படி அமைத்துவிடுங்கள். அப்போதும் கம்ப்யூட்டரில் இறங்கிய கோப்பைக் கையால்தான் அழிக்க வேண்டும். உங்கள் சொந்தப் போனில் கோப்புகளை வாங்காதீர்கள். அது போட்டோ கேலரியில் சேர்ந்து, அங்கிருந்து கூகுள் கணக்குக்கும் ஏறிவிடக்கூடும். யாராவது பென் டிரைவ் கொடுத்தால் அதிலிருந்தே அச்சிடுங்கள். டெஸ்க்டாப்பில் நகல் எடுத்து வைக்காதீர்கள்.

வீணான பிரதிகளைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டும். மங்கலாக வந்தது, கோணலாக விழுந்தது என்று ஒதுக்கும் தாள்களை அட்டைப் பெட்டியில் போட்டு, மாதக் கடைசியில் கிலோ கணக்கில் எடைக்குப் போடுவது நம் ஊர் வழக்கம். அந்தத் தாள் பஜ்ஜி கட்டும் தாளாகத் திரும்பி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டியில் கிடப்பது ஒருவருடைய ஆதார் எண்ணும் கையெழுத்தும் புகைப்படமும் ஒரே தாளில். சிறிய ஷ்ரெடர் ஒன்று வாங்கி வையுங்கள். முடியாதவரை கையாலாவது எண்ணும் முகமும் தனித்தனியாகப் போகும்படி கிழித்து, ஈரப்படுத்திப் போடுங்கள். பிளாஸ்டிக் அடையாள அட்டை அச்சிட ரிப்பன் போடும் பிரிண்டர் வைத்திருந்தால் பழைய ரிப்பனையும் நறுக்கித்தான் எறிய வேண்டும். கறுப்புப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்றும் உங்களால் செய்ய முடியும். ஆதாரின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் ‘மாஸ்க்டு ஆதார்’ பிரதியை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். கேட்கும் அலுவலகம் அதை ஏற்குமானால் அதையே பயன்படுத்தும்படி வருபவர்களிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் நமக்கு வரும் எச்சரிக்கைகளைவிட, தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லும் வார்த்தைக்கு எங்கள் ஊரில் மதிப்பு அதிகம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் நாற்பது பேருக்கும் நடுவில் ஒரே மெஷின். சம்பளப் பட்டியலை அச்சிட்டுவிட்டு நான் ஓடிப் போவதற்குள் யாராவது எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். தனி பிரிண்டர் கேட்டால் கிடைக்கவில்லை.
(மனிதவளப் பிரிவு ஊழியர், திருப்பூர்)

பதில்: தனி பிரிண்டர் தேவையில்லை. பிரிண்ட் கொடுக்கும்போது பிராப்பர்ட்டீஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். வழக்கமான பிரிண்ட் என்பதற்குப் பதிலாக செக்யூர் பிரிண்ட், பிரைவேட் பிரிண்ட், லாக்டு பிரிண்ட் என்று ஏதேனும் ஒரு பெயரில் ஒரு வசதி இருக்கும். அதில் நான்கு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால், நீங்கள் மெஷின் அருகே போய் அதே எண்ணை அழுத்தும்வரை ஒரு தாளும் வெளியே வராது. இது பெரும்பாலான அலுவலக மெஷின்களில் கூடுதல் கட்டணமின்றியே இருக்கிறது. எடுக்காமல் விட்ட வேலைகள் சில மணி நேரத்தில் தாமே அழியும்படி அட்மினிடம் அமைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தட்டில் கிடந்தது டிஸ்கில் கிடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தாள் சிக்கிக்கொண்டால் விட்டுவிட்டு இருக்கைக்குத் திரும்பாதீர்கள். வேறொருவர் சிக்கலை எடுத்ததும் மெஷின் உங்கள் மீதிப் பக்கங்களை அவர் கையிலேயே கொடுத்துவிடும்.

கேள்வி: ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் பராமரிப்பு என் பொறுப்பு. சர்வர், ஃபயர்வால் எல்லாவற்றுக்கும் தணிக்கை நடக்கிறது. பிரிண்டரை மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் எதிலிருந்து தொடங்கலாம்?
(வாசகர், ஓசூர்)

பதில்: அட்மின் பாஸ்வேர்டிலிருந்து தொடங்குங்கள். பிரிண்டரின் ஐ.பி. முகவரியை பிரவுசரில் தட்டினால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். மெஷினைத் தயாரித்த கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டே பல இடங்களில் இன்னும் இருக்கிறது. 2025 ஜூனில் ரேப்பிட்7 என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிண்டர் தயாரிக்கும் பிரதர் கம்பெனியின் 689 மாடல்களில் அந்தத் தொடக்கப் பாஸ்வேர்டை மெஷினின் சீரியல் எண்ணிலிருந்தே கணக்கிட்டுவிட முடியும் என்று கண்டுபிடித்து அறிவித்தார்கள். பாஸ்வேர்டு தொழிற்சாலையிலேயே உருவாக்கப்படுவதால், ஏற்கெனவே விற்ற மெஷின்களில் மென்பொருள் புதுப்பிப்பால் மட்டும் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது என்று கம்பெனியே சொன்னது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டவர்களுக்கு அந்த வழியில் பயமில்லை.

அடுத்து, மெஷின் இணையத்திலிருந்து நேராகத் தெரிகிறதா என்று பாருங்கள். 2018 கடைசியில் ஒருவர் உலகெங்கும் திறந்து கிடந்த சுமார் 50,000 பிரிண்டர்களுக்கு அச்சு வேலைகளை வாங்கும் 9100 என்ற போர்ட் வழியாகத் தம் விருப்பமான யூடியூபருக்கு ஆதரவு கேட்டு ஒரு தாள் அச்சிட வைத்தார். அன்று வந்தது விளையாட்டுத் தாள். அதே வாசல் வழியாக, வரிசையில் நிற்கும் கோப்பைப் படிக்க முயல்பவரும் வரலாம். பிரிண்டர்களைத் தனி நெட்வொர்க்கில் வைத்து, வெளியிலிருந்து வரும் தொடர்பை ரவுட்டரில் அடைத்துவிடுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்துவது மூன்றாவது. ஸ்கேன் செய்த கோப்பு சர்வரில் உள்ள ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்பதற்காக, மெஷினின் அட்ரஸ் புக்கில் ஒரு விண்டோஸ் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் பதிந்திருப்பீர்கள். நிறுவ வந்த நாளில் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பல இடங்களில் நாங்கள் கேட்டதும் கொடுக்கப்பட்டதும், நெட்வொர்க் முழுவதையும் நிர்வகிக்கும் உரிமையுள்ள டொமைன் அட்மின் கணக்கு. அந்தத் தவறில் என் பங்கும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் நானும் அப்படித்தான் செய்தேன். மெஷினின் நிர்வாகப் பக்கம் ஒருவர் கையில் கிடைத்து, சர்வரின் முகவரி இருக்கும் கட்டத்தில் தம் கம்ப்யூட்டரின் முகவரியை எழுதிவிட்டால், மெஷின் அந்தப் பாஸ்வேர்டை அவரிடமே கொண்டுபோய்க் கொடுக்க முயலும். ஆகவே ஸ்கேனுக்கென்று தனிக் கணக்கு ஒன்று உருவாக்கி, அந்த ஒரே ஃபோல்டரில் எழுத மட்டும் அதற்கு உரிமை கொடுங்கள். பழைய கணக்கின் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலும் இதே கணக்கை மூடிவிட மறக்காதீர்கள்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருப் பக்கம் பழைய மல்டிஃபங்ஷன் மெஷின் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து இயக்கினால் டாக்குமென்ட் பாக்ஸில் யாருடையதோ ஏராளமான கோப்புகள். ஒன்றைத் திறந்தேன், ஒரு நிறுவனத்தின் ஊழியர் பட்டியல், வங்கிக் கணக்கு எண்களோடு இருந்தது. இதை என்ன செய்வது?
(வாசகர், தாம்பரம்)

பதில்: மேற்கொண்டு எதையும் திறக்காதீர்கள். பென் டிரைவில் எடுக்க வேண்டாம். நண்பருக்குக் காட்டப் போட்டோ எடுக்க வேண்டாம். மெஷினை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வையுங்கள்.

நீங்கள் திறந்த அந்தக் கோப்பிலேயே நிறுவனத்தின் பெயர் இருக்கும் அல்லவா? அவர்களுடைய பொது எண்ணில் கூப்பிட்டு, இந்த மாடல், இந்த சீரியல் எண் கொண்ட மெஷின் என்னிடம் இருக்கிறது, அதில் உங்கள் தரவு இருக்கிறது, உங்கள் ஆள் முன்னிலையில் அழிக்க வேண்டுமா, நானே அழித்துவிட்டு அறிக்கை அனுப்பட்டுமா என்று கேளுங்கள். அதையே மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். கோப்பின் உள்ளடக்கத்தை மின்னஞ்சலில் இணைக்க வேண்டாம். பணம் எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் நல்லெண்ணத்தோடு செய்தது வேறு மாதிரியாகப் போய்விடும். தங்கள் தரவு எங்கே போனது என்று அந்த நிறுவனத்துக்கு இதுவரை தெரியாமலே இருந்திருக்கலாம். பட்டியலில் உள்ள ஊழியர்களுக்கு அறவே தெரியாது.

ஒரு வாரம் வரை பாருங்கள். பதில் வராவிட்டால், அட்மின் மெனுவில் எல்லாத் தரவையும் அழிக்கும் வசதியை இயக்குங்கள். அட்மின் பாஸ்வேர்டு தெரியாததால் அது திறக்கவில்லையானால், விற்ற கடையிலோ அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே செய்து தரச் சொல்லுங்கள். விற்றவரிடமும் நடந்ததைச் சொல்லுங்கள். அதே இடத்திலிருந்து அதே லாரியில் வந்த வேறு மெஷின்கள் அவர் கிடங்கில் இன்னும் இருக்கக்கூடும்.